அண்ணனின் கேரியர்

"கேரியரா? அதுல மேல் தட்டு ஓட்டையாயி ரெண்டு மாசம் ஆவுது. ஓட்டல்காரனுக்கு எதுக்குடா நம்ம கேரியரு?" என்றாள் அம்மா.

என் கையில் இருந்தது ஒரு துண்டுச் சீட்டு. பாண்டிச்சேரியில் ஒரு பெரிய ஓட்டல். ஞாயிற்றுக்கிழமைகளில் அதன் நீச்சல் குளத்தோரம் மதியச் சாப்பாடு நடக்கும். அங்கே சாக்ஸபோன் வாசிக்க அண்ணன் போக ஆரம்பித்து நாலு வாரம் ஆகியிருந்தது. அவருடைய கேரியரைப் பற்றி இங்கிலீஷில் ஒரு பக்கம் எழுதி, போட்டோவும் சேர்த்துக் கொடுக்கும்படி மேனேஜர் கேட்டிருந்தார். 2005ஆம் வருடம். மரக்காணம் உப்பளங்களில் வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்த வெயில் காலம்.

"சோத்து கேரியரா இருக்காதும்மா," என்றார் அண்ணன், கையைக் கழுவிக்கொண்டே. "சைக்கிள் கேரியரத்தான் கேக்குறாரு. பொட்டிய அதுல கட்டிக்கினு பஸ் ஸ்டாப்பு வரைக்கும் வர்றேன்னு யாராவது சொல்லியிருப்பாங்க."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர்கள் இருவரும் சிரிக்கவில்லை.

"ரெண்டும் இல்லண்ணா. ஒருத்தரு தொழில்ல எங்க ஆரம்பிச்சாரு, எப்படி மேல வந்தாரு, அந்தக் கதைக்குப் பேரு கேரியர்."

"அப்போ கதன்னே கேக்க வேண்டியதுதானே. சரி, நீயே எழுதிக் குடுத்துடு. நீதான் படிச்சவன்."

எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்போது திண்டிவனத்தில் கல்லூரி கடைசி வருடத்துக்குப் போகவிருந்தேன். ரேஷன் கார்டு மனு, பேங்க் ஃபாரம், ஆஸ்பத்திரிச் சீட்டு என்று எங்கள் தெருவின் காகிதங்கள் எல்லாம் என்னிடம்தான் வரும். அவற்றை வாங்கும்போது என் முதுகு தானாக நிமிரும். அந்தச் சீட்டையும் அப்படித்தான் வாங்கிக்கொண்டேன்.

அண்ணன் ஏழாவதோடு நின்றவர். அப்பா இறந்ததும், அப்பா உப்பு வாரிய அதே பாத்தியில் இறங்கினார். அதற்கு முன்பே மாதா கோயில் பேண்டில் தாளம் தட்டிக்கொண்டிருந்தார். சாக்ஸபோன் வாசித்தவர் சென்னைக்குப் பிழைக்கப் போய்விட, அந்தக் கருவி கோயில் பீரோவில் சும்மா கிடந்தது. அண்ணன் அதை எடுத்து ஊதிப் பார்ப்பார், திட்டு வாங்குவார், மறுபடி எடுப்பார். அப்பாவை அடக்கம் செய்த அன்று வாசிக்க ஆள் இல்லை. அண்ணனே அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பெட்டிக்கு முன்னால் நடந்தார். நாலு பேருக்கு முன்னால் அவர் வாசித்தது அதுதான் முதல் தடவை.

பிறகு பேண்டில் அவர்தான் சாக்ஸபோன். திருவிழா, கல்யாணம் எல்லாம் உண்டு; ஆனால் அதிகம் வாசித்தது சாவுக்குத்தான். பெட்டி தூக்குகிறவர்கள் வேகமாக நடக்க முடியாது. அவர்கள் காலுக்கு ஏற்றபடி பாட்டை இழுக்க வேண்டும். எங்கே மூச்சு எடுப்பது என்பதில் அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. "அழுவுறவங்க சத்தத்துக்கு மேல போவக் கூடாதுடா. அதுக்காக அடங்கியும் போவக் கூடாது. கூடவே போவணும்" என்பார்.

சுனாமி வந்த முந்தைய டிசம்பரில் பேண்டு எதையும் யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடும் நிலையில் யாரும் இல்லை. அண்ணன் சாக்ஸபோன் பெட்டியைச் சைக்கிள் கேரியரில் டியூபால் கட்டிக்கொண்டு, தனியாகக் குப்பம் குப்பமாகப் போனார். குழி தோண்டியிருந்த இடங்களில் ஓரமாக நின்று வாசித்தார். எந்தச் சாமி கும்பிடுகிறவன் என்று அவரை ஒருவரும் கேட்கவில்லை. இரண்டு நாள் நானும் கூடப் போனேன். இரண்டாம் நாள் ரீட் பிளந்துவிட்டது. மூங்கில் பத்தை போன்ற அந்த மெல்லிய துண்டு சரியாக இல்லாவிட்டால் சத்தம் கிழியும். மாற்று இல்லை. கிழிந்த சத்தத்திலேயே வாசித்தார்.

அதற்கு இரண்டு மாதம் கழித்து, வானூரில் ஒரு கல்யாண வரவேற்பில், பாண்டியிலிருந்து வந்திருந்த கீபோர்டுக்காரர் அவர் வாசிப்பைக் கேட்டுவிட்டு மேடையை விட்டு இறங்கி வந்தார்.

"ஏம்பா, இவ்ளோ மெதுவா, இவ்ளோ நேரம் மூச்சு விடாம எப்படி இழுக்கிற?" என்றார். பிறகு சில சி.டி.க்களைக் கொடுத்தார். "இதுக்கு ஸ்மூத் ஜாஸ்னு பேரு. கேட்டுப் பாரு. ஓட்டல்ல உன்ன உக்கார வெக்கிறேன்."

"ஸ்மூத்னா வழவழான்னு தானேங்க? வெண்டைக்கா மாதிரி?"

"அதேதான். யாரு தொண்டையிலயும் சிக்கக் கூடாது."

பிரவுசிங் சென்டரில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அண்ணன் ஒரு வாரம் கேட்டார். "இது எனக்குத் தெரிஞ்சதுதான்டா," என்றார் என்னிடம். "நடக்குறவங்க மட்டும் இல்ல."

நன்றாகப் போனால் ஜனவரியில் பர்மனென்ட் ஆக்குவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். ஞாயிறு மட்டும் என்றில்லாமல் வாரம் முழுக்க வேலை, யூனிஃபார்ம், தங்க இடம். அம்மாவுக்கு இதில் புரிந்தது ஒன்றுதான்: அண்ணன் இனிமேல் பாத்தியில் இறங்க வேண்டாம். உப்புத் தண்ணீரில் அவர் விரல்கள் வெடித்து, வெடித்த இடத்தில் மறுபடி உப்பு ஏறி ஆறாமல் கிடந்தன. சனிக்கிழமை சாயங்காலம் நல்ல தண்ணீரில் ஊற வைத்து, தேங்காய் எண்ணெய் தடவி, துணியால் துடைத்த பிறகுதான் சாக்ஸபோனைத் தொடுவார். விரலில் இருக்கும் உப்பு அதன் ஸ்பிரிங்குகளைத் தின்றுவிடும். அந்த ஸ்பிரிங்குகளுக்காகக் காட்டிய அக்கறையை அவர் தன் விரல்களுக்குக் காட்டவில்லை என்பது அம்மாவின் புகார்.

அந்த ஒரு பக்கத்தை எழுத நான் பிரவுசிங் சென்டரில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தேன். வெளிநாட்டு சாக்ஸபோன்காரர்களின் வாழ்க்கைக் குறிப்புகளைத் தேடிப் படித்தேன். எல்லாரும் ஒரே மாதிரி இருந்தார்கள். சின்ன வயதில் தொடங்கினார், இன்ன பள்ளியில் பயின்றார், இன்ன நகரங்களில் வாசித்தார். அண்ணனுக்கு இதில் எதை எழுதுவது? ஃப்யூனரல் என்று டைப் செய்தேன். அந்தச் சொல் திரையில் தனியாக நின்றது. கல்லூரியில் உன் அண்ணன் என்ன செய்கிறார் என்று கேட்டால் மியூசிஷியன் என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குத் தாவுகிறவன் நான். எந்தத் தெருப் பசங்க சாவுக்கு ஊதுவார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன். யாரும் என்னை அழிக்கச் சொல்லவில்லை.

பிறகு சரளமாக வந்தது. பிரபல ஸ்மூத் ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் என்று தலைப்பு. உப்பு வணிகக் குடும்பத்தில் பிறந்தவர். சென்னையில் ஓர் இசைப் பள்ளியில் முறையாகப் பயின்றவர். பல நகரங்களில் வாசித்தவர். கடலோரத்தில் பிறந்தார் என்ற ஒரு வரி மட்டும் உண்மை. பிழை இருக்கிறதா என்று நாலு தடவை பார்த்தேன். இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை.

மேனேஜருக்கு மிகவும் பிடித்திருந்ததாம். பெரிய எழுத்தில் அச்சடித்து, போட்டோவோடு ஒரு பலகையில் ஒட்டி, சாப்பாட்டுக் கூடத்து வாசலில் நிறுத்திவிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைப் பார்க்கவே நானும் போனேன். வெள்ளைச் சட்டையில், குளத்துக்கு அந்தப் பக்கம் நிழலில் நின்று அண்ணன் கண்ணை மூடி வாசித்தார். கரண்டிச் சத்தம் குறைந்தது. ஒரு வெளிநாட்டுக் கிழவர் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே, சாப்பிட மறந்து நின்றார். அடுத்தடுத்த வாரங்களில் அண்ணனுக்காகவே மேசை சொல்லி வைக்க ஆரம்பித்தார்கள். ஈ.சி.ஆர். பஸ் கண்டக்டர்கள் அவர் பெட்டிக்கு இடம் ஒதுக்கினார்கள். பேண்டு ஆட்கள் மட்டும் கேலி செய்தார்கள்.

"டேய், எழுந்திருங்கடா, ஓட்டல் சாரு வர்றாரு."

"ஏம்பா, இனிமே நம்ம ஊர்க்காரன் சாவணும்னாகூட பாண்டிக்குப் போய்தான் சாவணுமா? நீ அங்கதானே வாசிக்கிற."

"சாவுடா, வந்து வாசிக்கிறேன்," என்பார் அண்ணன். வார நாட்களில் சாவு விழுந்தால் போகவும் செய்தார்.

அக்டோபரில், மழைக்கு முன்னால் உப்புக் குவியல்களைக் கீற்று போட்டு மூடிக்கொண்டிருந்தோம். நானும் லீவு போட்டுவிட்டு உதவிக்குப் போயிருந்தேன். முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. மதியம் வரப்பில் உட்கார்ந்தபோது அண்ணன் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். நான் எழுதிய பக்கத்தின் ஜெராக்ஸ்.

"ஓட்டல்ல துணி துவைக்கிற அம்மா ஒண்ணு இருக்குது," என்றார். "நான் வாசிக்கிற பக்கம் அது வந்ததே இல்ல. நேத்து துணி மூட்டையோட அப்படியே வந்து நின்னுது. சத்தத்த வெச்சே கண்டுபிடிச்சிருக்குது. 'அண்ணா, எங்க பாப்பாவ பொதைக்கறப்ப வாசிச்சது நீங்கதானே'ன்னு எல்லாரு எதிர்லயும் அழுதுடுச்சு."

நான் கையிலிருந்த கீற்றைக் கீழே வைத்தேன்.

"மேனேஜரு என்னைத் தனியா கூப்புட்டாரு. 'சாவுக்கெல்லாம் வாசிப்பீங்களா? பேப்பர்ல அப்படி இல்லியே, இதுல இருக்கறது நெசமா'ன்னாரு. 'என் தம்பி எழுதினது சார், அவன் படிச்சவன், தப்பா எழுத மாட்டான்'னு சொன்னேன்." காகிதத்தை என்னிடம் நீட்டினார். "படி. தமிழ்ல சொல்லு."

"அண்ணா, அது..."

"படிடா."

நான் படித்தேன். இங்கிலீஷில் வழுக்கிக்கொண்டு போன வரிகள் தமிழில் ஒவ்வொன்றாகத் தடுக்கின. உப்பு வணிகக் குடும்பம் என்றபோது அண்ணன் பக்கத்திலிருந்த குவியலைப் பார்த்தார். சென்னை இசைப் பள்ளி என்றபோது ஒன்றும் செய்யவில்லை. படித்து முடித்தேன்.

"நல்லாதான் இருக்குது," என்றார். "யாரு இந்த ஆளு?"

நான் மறுபடி காகிதத்தையே பார்த்தேன்.

"அப்பா எங்க இதுல?"

"அப்பா... உப்பு வணிகர்னு..."

"அப்பா சாவுக்கு நான் வாசிச்சது?"

"இல்ல."

"சுனாமிக்கு?"

"இல்லண்ணா."

காகிதத்தை வாங்கி, மடித்து, மறுபடி பையில் வைத்துக்கொண்டார். "அன்னிக்கு நான் சைக்கிள் கேரியர்னு சொன்னப்ப நீ சிரிச்ச. எனக்கு இங்கிலீஷு தெரியாது, அதான் சிரிக்கிறான்னு விட்டேன். ஆனா என் கேரியர்ல இருந்தத எல்லாம் இறக்கிப் போட்டுட்டு வெறும் வண்டிய உருட்டி அனுப்பியிருக்கியே."

கீற்றை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். கோபத்தில் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் எதையாவது சொல்லிச் சண்டை போட்டிருப்பேன்.

மேனேஜர் அவரை வேலையை விட்டு அனுப்பவில்லை. கூட்டம் வருகிறதே. பலகையும் அங்கேயே நிற்கட்டும், விருந்தாளிகள் கேட்டால் அதில் உள்ளதையே சொல்லுங்கள், இனிமேல் சாவுக்குப் போக வேண்டாம் என்று மட்டும் சொல்லியிருந்தார். அண்ணன் அடுத்த ஞாயிறும் போனார், அதற்கு அடுத்த ஞாயிறும் போனார். ஆனால் ஓட்டல் விஷயம் எதையும் என்னிடம் சொல்வதை நிறுத்திவிட்டார். கேட்டால், "நடக்குது" என்பார்.

டிசம்பரில் அந்தத் துணி துவைக்கும் அம்மா எங்கள் வீட்டுக்கே வந்தது. சுனாமி நடந்து ஒரு வருடம் ஆகும் நாளில் அவர்கள் குப்பத்தில் கடலில் பால் ஊற்றி, பூப்போட ஏற்பாடு. "அன்னிக்கு நீங்க வந்து வாசிக்கணும் அண்ணா," என்றது. அண்ணன் சரி என்றார். அதே நாளில் ஓட்டலில் கிறிஸ்துமஸ் வாரத்து விசேஷச் சாப்பாடு. அவர் அங்கே இருந்தாக வேண்டும் என்பது முதலிலேயே பேசியாகிவிட்டது.

அந்த அம்மா போனதும் நான் ஆரம்பித்தேன்.

"ஜனவரியில பர்மனென்ட்டுண்ணா. ஒரு நாளு. வேற பேண்டே இல்லியா?"

"இருக்குது."

"அப்புறம்?"

"அந்தம்மா பேண்டு கேக்கலடா. அன்னிக்கு வாசிச்சத கேக்குது."

அம்மா அவர் கையைப் பிடித்துத் திருப்பினாள். மழைக் காலத்தில் பாத்தியில் வேலை இல்லாததால் வெடிப்புகள் மூடிக்கொண்டிருந்தன. "இத பாருடா. இப்பதான் தோலு வருது. திரும்ப அந்த உப்புல கொண்டு போயி வெக்கப் போறியா?" அவள் குரல் உடைந்துவிட்டது. அண்ணன் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"நான் வேணா அந்தம்மாகிட்ட போய் எடுத்துச் சொல்லட்டுமா?" என்றேன்.

"நீ யாருக்கும் எதையும் எடுத்துச் சொல்ல வேணாம்."

அந்த நாள் காலையில் அண்ணன் பெட்டியைக் கட்டிக்கொண்டு எனக்கு முன்பே கிளம்பிவிட்டார். நான் குப்பத்துக்குப் போகும் வழியில் டெலிபோன் பூத்தில் சைக்கிளை நிறுத்தினேன். எல்லாவற்றையும் நான் கெடுத்தேன், நானே சரி செய்கிறேன் என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். ஓட்டலுக்கு போன் போட்டு, என் நல்ல இங்கிலீஷில், அண்ணனுக்குக் கடுமையான ஜுரம், எழுந்து நடக்க முடியவில்லை, வருந்துகிறோம் என்றேன்.

மேனேஜர் தமிழில் பேசினார்.

"தம்பி, உங்க அண்ணன் போன வாரமே எங்கிட்ட வந்து உண்மையச் சொல்லிட்டாரு. அந்தக் குப்பத்துக்குப் போறேன்னாரு. எனக்குக் கோவம்தான். ஆனா நேர்ல வந்து சொன்னாரேன்னு, சரி போங்கன்னு வேற ஆளு போட்டேன். இப்ப நீங்க ஜுரம்னு சொல்றீங்க. அந்தப் பேப்பரும் நீங்கதானே எழுதினீங்க? உங்க வீட்ல யாரு சொல்றத நான் நம்பறது?"

"சார், அவருக்கு இது தெரியாது சார், நானாத்தான்..."

"இதையும் நம்பணுமா?" என்றார். "வேணாம் தம்பி. இனிமே அவரு வர வேணாம்."

குப்பத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது ஆட்கள் பால் சொம்பும் பூக்கூடையுமாகக் கடலை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தார்கள். அண்ணன் அவர்களுக்கு முன்னால், பின்பக்கமாக அடி எடுத்து வைத்து, அவர்களைப் பார்த்தபடியே நடந்துகொண்டிருந்தார். வாசித்தது அடக்கப் பாட்டு அல்ல. ஓட்டலில் வாசிக்கும் சி.டி. பாட்டு ஒன்று. அதைக் காலடிக்குக் காலடி இழுத்துக் கொண்டுபோனார். துணி துவைக்கும் அம்மா எங்கோ நடுவில் ஓங்கி அழுதபோது அவர் சத்தம் அதன் கூடவே ஏறி, கூடவே இறங்கியது. நான் ஓரத்தில் நின்றேன். இதைக் கேட்டிருந்தால் மேனேஜர் என்ன சொல்லியிருப்பார் என்றுதான் என் புத்தி போனது. அந்தக் காலையில்கூட.

திரும்பி வரும்போது சொன்னேன். போன் போட்டதை, ஜுரம் என்றதை, மேனேஜர் சொன்னதை. அண்ணன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தார். கேரியரில் கட்டியிருந்த டியூப் தளர்ந்திருந்தது. நின்று, அவிழ்த்து, இறுக்கிக் கட்டினார்.

"பேசிட்டு வந்துட்டேன்டா நானு," என்றார். "பேசி முடிச்சிட்டு வந்தேன்." அவ்வளவுதான். அம்மாவிடம் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. மேனேஜர் வேண்டாமென்றுவிட்டார் என்று சொன்னார். அம்மா அந்த மேனேஜரைத்தான் இன்றுவரை திட்டுகிறாள்.

கீபோர்டுக்காரரைப் பிறகு ஒரு தடவை பஸ்ஸில் பார்த்தேன். "உப்பளம், சாவு வீடு, சுனாமி எல்லாத்தையும் எழுதியிருக்கலாமேப்பா. வெள்ளைக்காரங்களுக்கு அதெல்லாம் ரொம்பப் புடிக்குமே," என்றார். அதைக் கேட்டும் எனக்கு ஆறுதலாக இல்லை. இன்னும் கசப்பாகத்தான் இருந்தது.

2006 ஜனவரியில் உப்பள வேலை தொடங்கியதும் அண்ணன் பாத்தியில் இறங்கினார். என்னோடு பேசாமல் இல்லை. சாப்பிட்டியா என்பார், பரீட்சை எப்படி என்பார், ஃபீஸ் கட்டும் நாளைக் கேட்பார். பேண்டுக்கும் போகிறார். விரல்கள் பழையபடி ஆகிவிட்டன.

கோடையில் ஒரு நாள், நல வாரியத்துக்கு ஏதோ ஃபாரம் நிரப்ப வேண்டும் என்று உப்பளத் தொழிலாளர்கள் எல்லாரும் அலைந்துகொண்டிருந்தார்கள். எங்கள் தெருவில் பாதிப் பேருடையதை நான் நிரப்பிக் கொடுத்தேன். அண்ணன் தன்னுடையதை என்னிடம் தரவில்லை. மறந்திருப்பார் என்று நினைத்து அவரைத் தேடிக்கொண்டு போனேன். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கடைக்காரரின் மகள், பத்தாவது படிக்கும் பெண், அவருடைய ஃபாரத்தை மடியில் வைத்து எழுதிக்கொண்டிருந்தாள்.

"தொழில்னு கேக்குதுங்கண்ணா. என்ன போட?"

"உப்பளக் கூலி. அப்புறம் பேண்டு. சாவுக்கு வாசிக்கிறது."

"ஒண்ணு போட்டா போதும்ண்ணா. சின்ன எடந்தான் இருக்குது."

"சின்னதா எழுதும்மா. ரெண்டையும் எழுது. எழுதினத ஒரு தபா படிச்சுக் காட்டு."

அவள் படித்துக் காட்டினாள். நான் சைக்கிளைத் திருப்பிக்கொண்டேன்.